லிவர்பூல் ஃபுட்பால் கிளப்போட ஆகச் சிறந்த ரைட் பேக் யாரு? பார்த்தவங்க மட்டும் எழுதுங்க

வியாசைப் பையன்:

நேத்து ராத்திரி எங்க வாட்ஸப் குரூப் ரெண்டா உடைஞ்சுது. ஒருத்தன் "சந்தேகமே வேணாம், டிரென்ட்தான்"னு போட்டான். பத்து செகண்ட்ல இன்னொருத்தன், "கான்ட்ராக்ட் முடியற நேரம் பார்த்து ரியல் மாட்ரிட்டுக்குக் கெளம்பினவன் பேரை இங்க எடுத்தே, தூக்கிருவேன்"னான். மூணாவது ஆள், எழுபது எண்பதுகள்ல ஆடின ஃபில் நீல் ஜெயிச்ச கோப்பைக் கணக்கை ஸ்கிரீன்ஷாட்டா கொட்ட ஆரம்பிச்சதும் நான் போனைக் கவுத்து வெச்சுட்டேன்.

அதனால ஒரே ஒரு விதி. ஸ்கிரீன்ஷாட் வேணாம். எந்த ரைட் பேக்கை, எப்போ, எங்க உக்காந்து பார்த்தீங்க, எதைப் பார்த்து வாயைப் பொளந்தீங்க, அதை மட்டும் எழுதுங்க.

அந்த இடத்து மேல எனக்குத் தனிப் பாசம் உண்டு. வியாசர்பாடியில வெறுங்காலோட ஆடுற வயசுல, டீம் பிரிச்சா கடைசியா மிஞ்சறவன் நான்தான். "நீ அப்படி ஓரமா நில்லுடா"ன்னு கை காட்டுவாங்க. அந்த ஓரம்தான் ரைட் பேக், வலது பக்கத் தடுப்பு. பந்து வந்தா வெளிய அடிச்சு விடணும், முடிஞ்சுது வேலை. அந்த ஓரத்துல நின்னுக்கிட்டே ஒருத்தன் மொத்த ஆட்டத்தையும் நடத்தலாம்னு எனக்குக் காட்டினது டிரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்ட்.

என் கதை 2019 மே மாசம், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ரெண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்துல பார்சிலோனா 3-0ன்னு அடிச்சு அனுப்பியிருந்தது. சலாவும் ஃபிர்மினோவும் காயம். நம்ம ஊர் நேரத்துக்கு ராத்திரி பன்னெண்டரைக்கு ஆரம்பம். ஒரே ரூம் வீடு, அப்பா டிவிக்குக் கீழயே படுத்திருக்கார், சத்தம் பூஜ்யம். ஓரிகி ஒண்ணு போட்டாச்சு. செகண்ட் ஹாஃப்ல இறங்கின விஜ்னால்டம் ரெண்டு நிமிஷ இடைவெளியில ரெண்டு. தலகாணியைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். 79ஆவது நிமிஷம் கார்னர். டிரென்ட் பந்தை விட்டுட்டு நகர்றான், ஷகிரி நடந்து வர்றான். சரி, ஷகிரி அடிக்கப் போறான், நேரமாகும்னு தண்ணி பாட்டிலை எடுக்கக் குனிஞ்சேன். நிமிர்ந்தா ஓரிகி கையை விரிச்சுக்கிட்டு ஓடறான். டிரென்ட் சட்டுனு திரும்பி வந்து கார்னரை அடிச்சிருக்கான், ஓரிகி கோல் போட்டிருக்கான், 4-0.

ஆக, பார்த்தவங்க மட்டும் எழுதணும்னு சட்டம் போட்ட நானே அந்தக் கார்னரைப் பார்க்கல. பார்சிலோனா டிஃபென்ஸும்தான் பார்க்கல, அதனால பெருசா வெட்கமில்ல.

லண்டன் அண்ணை:

தம்பி, வயசிலை மூத்தவன் நான், நீலைப் பற்றி நான் எழுதாமல் வேறை ஆர் எழுதிறது.

84 தொடக்கத்திலை லண்டனுக்கு வந்தனான். ஈஸ்ட் ஹாமிலை ஒரு வீட்டிலை ஏழு பெடியள். இரவிலை பெற்றோல் செட்டிலை வேலை, பகலிலை நித்திரை. அந்த மே 30ஆம் திகதி ஒருத்தனும் வேலைக்குப் போகேல்லை. ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம், ரோமா அணியோடை, அதுகும் அவையின்ரை சொந்த மைதானத்திலை. பதின்மூண்டாவது நிமிசம் கோல் வாயிலிலை ஒரு குழப்பம், பந்து கோல்காப்பாளரிலை பட்டுத் தெறிக்குது. அதை உள்ளுக்கை தள்ளினது ஆர் எண்டு பாத்தால் இலக்கம் 2. "உவர் ஏன் அங்கை நிக்கிறார்?" எண்டு எங்கடை வீட்டிலை ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். வலது பின்காப்பாளருக்கு அங்கை என்ன வேலை?

பிறகு ரோமாவும் ஒண்டு போட்டு, ஆட்டம் பெனால்டிக்குப் போச்சு. முதலாவதா வந்த ஸ்டீவ் நிக்கல் மேலாலை அடிச்சிட்டார். எங்கடை வீட்டிலை ஒரு சத்தமும் இல்லை. அடுத்தது நீல். வந்தார், வைச்சார், அடிச்சார், திரும்பி நடந்தார். கடிதம் தபால் பெட்டியிலை போட்டிட்டுப் போற மாதிரி. எங்கடை கோல்காப்பாளர் குரொபலார் காலை நடுக்கிக் காட்டின கதையை எல்லாரும் சொல்லுவினம். எனக்கு நினைவிலை நிக்கிறது நீல் திரும்பி நடந்த அந்த நடைதான். ஏழு வருசத்துக்கு முன்னம், 77இலை, அதே ரோம் மைதானத்திலை பெனால்டி அடிச்சு லிவர்பூலின்ரை முதலாவது ஐரோப்பியக் கோப்பையை உறுதிப்படுத்தினதும் இதே மனுசன். அந்த 77 அணியிலை இருந்து 84இலையும் களத்திலை நிண்டது அவர் ஒருத்தர்தான்.

அடுத்த பருவம் வெஸ்ட் ஹாமின்ரை மைதானம் அப்டன் பார்க்கிலை நேரிலை பாத்தன். எங்கடை வீட்டிலை இருந்து நடை தூரம். வெஸ்ட் ஹாம் ஆக்களுக்கு நடுவிலை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டு, அரைவாசி நேரம் நீலை மட்டும் பாத்தனான். பந்து மற்றக் கரையிலை கிடக்கேக்கையே இவர் ரெண்டு அடி உள்ளுக்கை வருவார், ஒரு அடி பின்னுக்குப் போவார். சமையல்காரன் அடுப்பைத் திருகிற மாதிரி, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைச்சு. பந்து வந்து சேரேக்கை அவர் ஏற்கெனவே அங்கை நிப்பார். அதாலை அவர் ஓடினதை நான் பெரிசாக் காணேல்லை.

நாலாம் டிவிஷனிலை கிடந்த நோர்தாம்ப்டனிலை இருந்து 66,000 பவுணுக்கு 1974இலை வாங்கினது. பொப் பெய்ஸ்லி மனேஜரா வந்து வாங்கின முதல் ஆள். 1976 அக்டோபர் தொடக்கம் 1983 செப்டெம்பர் மட்டும் ஒரு ஆட்டமும் விடாமல் 417 ஆட்டம். நான் பெற்றோல் செட்டிலை பதினொரு மாசம் லீவு எடுக்காமல் நிண்டதையே இண்டைக்கும் பிள்ளையளுக்குச் சொல்லிக்கொண்டு திரியிறன்.

(ஸ்கிரீன்ஷாட் இல்லை தம்பி, எல்லாம் மண்டையிலை இருக்கிறது.)

பக்கத்து ஊர்க்காரன்:

கேரி நெவில்னு ஒருத்தர் இருந்தாரு...

வியாசைப் பையன்:

2006ல எங்க ஆளுங்க முன்னாடி ஓடி வந்து சட்டையைப் பிடிச்சு ஆட்டிட்டு அபராதம் கட்டினாரே, அவர்தானே? தெரியும். மான்செஸ்டர் கதையெல்லாம் அடுத்த தெருவுல. கதவைச் சாத்திட்டுப் போங்க.

துபாய் ரிட்டர்ன்:

நான் யாரும் சொல்லாத பேரைச் சொல்றேன். ஸ்டீவ் ஃபின்னன்.

2005 இஸ்தான்புல், சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். அப்போ துபாய்ல கட்டட வேலை, கேம்ப் ரூம்ல எட்டுப் பேர், மேலயும் கீழயும் கட்டில். அங்க பத்தே முக்காலுக்கு ஆட்டம் ஆரம்பிச்சுது. ஹாஃப் டைம்ல ஏசி மிலான் மூணு, நாம சைபர். காலைல அஞ்சு மணிக்கு பஸ். போர்வையை இழுத்துப் போர்த்திட்டுப் படுத்துட்டேன். காலைல பஸ்ல ஏறினா மலையாளி டிரைவர் ஸ்டீயரிங்கை விட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கறார். விளையாடறார்னு நெனச்சேன். 3-3ன்னு சொன்னார், பெனால்டின்னு சொன்னார், கப்புன்னு சொன்னார். என் ரூம் நண்பர்கள் ஒருத்தனும் என்னை எழுப்பல. அந்தக் கோபம் இன்னும் இருக்கு.

அப்புறம் முழு ஆட்டத்தையும் சிடியில பார்த்தப்பதான் தெரிஞ்சுது, ஹாஃப் டைம்ல காயத்தோட வெளிய போனது ஃபின்னன், உள்ள வந்தது ஹாமன். கடைசியில மிலான் ஆள் செர்ஜினியோ இறங்கி நம்ம வலது பக்கத்தைக் கிழிக்க ஆரம்பிச்சதும், ஜெரார்டையே அந்த ஓரத்துக்கு அனுப்பிட்டார் மேனேஜர் ரஃபா பெனிட்டெஸ். காலெல்லாம் பிடிச்சு இழுக்க, ஜெரார்ட் சறுக்கிச் சறுக்கித் தடுத்தாரு பாருங்க. நம்ம கிளப்போட பெரிய ராத்திரியை முடிச்சுக் கொடுத்த ரைட் பேக் ஜெரார்ட்தான்னு வம்புக்குச் சொல்லலாம்.

ஆனா என் ஓட்டு ஃபின்னனுக்கு. ஏன்னா ரஃபா காலத்துல அத்தனை ஆட்டம் பார்த்திருக்கேன், அந்த ஆளைத் திட்டினதா ஒரு ஞாபகம்கூட இல்ல. ரீஸேவைத் திட்டியிருக்கேன், கீவெல்லைத் திட்டியிருக்கேன், ஜெரார்டையே திட்டியிருக்கேன்.

கிள்ளான்வாசி:

ராப் ஜோன்ஸ். 1991ல குரூ அலெக்சாண்ட்ரால இருந்து 300,000 பவுனுக்கு வந்தவரு. முதல் ஆட்டமே ஓல்ட் டிராஃபோர்டுல, எதிர்ல சின்னப் பையன் ரயன் கிக்ஸ். கூட்டாளியோட அண்ணன் இங்கிலாந்துல படிச்சிக்கிட்டு இருந்தாரு, வீடியோ கேசட் அனுப்புவாரு. கிள்ளான்ல எங்க வீட்டுல அந்த ஒரு கேசட் தேஞ்சே போச்சு. கிக்ஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் இவரு கால் அங்க இருக்கும். 243 ஆட்டம் ஆடினாரு, ஒரு கோல்கூட போடல. முட்டி போய், இருபத்தெட்டு வயசு ஆகறதுக்குள்ள ஆட்டத்தையே விட்டுட்டாரு. அந்த முட்டி மட்டும் நல்லா இருந்திருந்தா இந்தப் பேச்சே வேற மாதிரி போயிருக்கும்.

மெர்சிக்கரை சிஸ்டர்:

நான் கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம். எங்க ஊர்ல பந்து உதைக்காத ஆம்பளையே கெடையாது, அதனால இந்தப் பேச்செல்லாம் புதுசில்ல. லிவர்பூல்ல நர்ஸா இருக்கேன். ரெண்டு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு. எங்க வார்டுல எண்பது தாண்டின தாத்தா ஒருத்தர் இருந்தார். காலைல என்ன சாப்பிட்டார்னு கேட்டா தெரியாது. என் பேரை தினமும் புதுசாச் சொல்லித் தரணும். ஒருநாள் ரத்த அழுத்தம் பார்க்கும்போது சும்மா கேட்டேன், லிவர்பூல்ல நல்ல ரைட் பேக் யாருன்னு. பட்டுனு "கிறிஸ் லாலர்"ன்னார். பின்னாடி தூணுக்குப் பக்கத்துல பூனை மாதிரி வருவானாம், யாரும் பார்க்க மாட்டாங்களாம், தலையால முட்டுவானாம். கட்டு போட்டிருந்த கையை எடுத்து, தலையணை ஓரத்துல அந்தத் தூண் எங்க, லாலர் எங்கன்னு எனக்கு வரைஞ்சு காட்டினார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 549 ஆட்டம், 61 கோல், அதுல ஒண்ணுகூட பெனால்டி இல்ல. அறுபதுகள்ல, மேனேஜர் ஷாங்க்லி காலத்துல ஒரு டிஃபென்டர்! அவருக்குப் பட்டப்பேரே மௌன வீரன்தானாம்.

ரெண்டாவது. 2025 மே 11, ஆர்செனல் ஆட்டம். நம்ம ஆன்ஃபீல்டு மைதானத்துல கூட வேலை பார்க்கிறவங்க சீட்டு ஒண்ணு கிடைச்சுது. லீக் ஏற்கெனவே கையில, திருவிழா மாதிரி இருந்துச்சு. டிரென்ட் போறதா சொல்லி ஒரு வாரம்கூட ஆகல. 67ஆவது நிமிஷம் பிராட்லியை எடுத்துட்டு அவனை இறக்கினாங்க. அந்தச் சத்தம் இருக்கே, எதிரணிக்குக்கூட அங்க அப்படி ஊளையிட்டு நான் கேட்டதில்ல. அவன் கால்ல பந்து படுற ஒவ்வொரு தடவையும். கை தட்டினவங்களும் இருந்தாங்க, காதுல விழல.

என் பக்கத்துல அம்பது வயசு இருக்கும் ஒரு ஆள். முகம் சிவந்து, வாயைக் குவிச்சு ஊளையிட்டுட்டே இருந்தார். ஒரு தடவை டிரென்ட் அந்த வலது ஓரத்துல இருந்து தலையைத் தூக்கினான். பந்தை அடிக்கவே இல்ல, இந்த மனுஷன் சீட்டைவிட்டு எழுந்துட்டார். இத்தனை வருஷப் பழக்கம். அடுத்து என்ன வரும்னு காலுக்குத் தெரியுது. சுத்திப் பார்த்துட்டு, திருடன் மாட்டிக்கிட்ட மாதிரி மெதுவா உக்காந்தார். அப்புறம் ஊளையிடல.

துபாய் ரிட்டர்ன்:

சிஸ்டர், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனாலும் டிரென்ட் முதுகுக்குப் பின்னாடி ஒரு லாரியே திருப்பலாம். 2022 பாரிஸ் ஃபைனல், ரியல் மாட்ரிட் வினிசியஸ் அந்தப் பக்கமா வந்து சும்மா தட்டிட்டுப் போனான். அதைத் தாங்க முடியாமத்தானே மேனேஜர் கிளாப் 2023ல அவனை நடுவுல கொண்டு போய் நிறுத்தினாரு?

வியாசைப் பையன்:

நடுவுல நிறுத்தினது அங்க இன்னும் நிறையப் பந்து அவன் காலுக்கு வரும்னுதான், அதையும் சேர்த்துச் சொல்லுங்க. 354 ஆட்டத்துல 92 கோலுக்குப் பாஸ் போட்ட ரைட் பேக்கை வேற எந்த ஊர்ல பார்த்தீங்க? சரி, என் விதியை நானே மறுபடியும் மீறிட்டேன்.

ஓட்டுன்னு கேட்டா நான் நீலுக்குத்தான் போடுவேன். அண்ணன் சொன்ன "ஏற்கெனவே அங்கை நிப்பார்"ங்கிற வரி போதும், அந்த வேலைன்னா அதான். டிரென்ட் செஞ்சது வேற ஒரு வேலை, இடத்துக்கு மட்டும் பழைய பேர். மாட்ரிட் போன கோபத்துல சொல்லல. கோபமும் இருக்கு, இல்லைன்னு சொன்னா பொய். 2025 நவம்பர்ல மாட்ரிட்டோட வெள்ளைச் சட்டையில ஆன்ஃபீல்டுல கடைசிப் பத்து நிமிஷம் இறங்கினானே, அப்போ நான் சேனலை மாத்திட்டேன். நாம 1-0ன்னு ஜெயிச்சதுகூட அப்புறம் ஸ்கோர் பார்த்துத்தான் உறுதி பண்ணேன்.

லண்டன் அண்ணை:

தம்பி, ஒண்டு கேக்கிறன். அந்தக் கோர்னரை பிறகு எத்தினை தரம் பாத்திருப்பீர்?

வியாசைப் பையன்:

எண்ணினதில்ல அண்ணே. ஒவ்வொரு தடவையும் ஷகிரி நடந்து வர்ற இடத்துல கை தன்னால பாட்டிலைத் தேடுது.