ஆடம்ஸ் ஃபிளை சாய்ந்து மிதக்கிறது, மீனும் பார்த்துவிட்டுத் திரும்புகிறது: என்ன செய்யலாம்?

புதுநூல் கேட்டது:

வணக்கம். டிரவுட் மீனுக்கு ஆடம்ஸ் டிரை ஃபிளையை, அதாவது தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் கட்டிச் செய்யும் மிதக்கும் போலிப் பூச்சியை, நானே கட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன். 14ஆம் எண் முள், பழுப்பு இறகும் கறுப்பு வெள்ளை வரியோடிய கிரிஸ்லி இறகும், உடம்புக்குச் சாம்பல் டப்பிங் (நூலில் முறுக்கிச் சுற்றும் மயிர்). வைஸில் (முள்ளைப் பிடித்துவைக்கும் இடுக்கியில்) இருக்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீரில் விழுந்ததும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. சில முறை வீசியதும் மூழ்கியும் விடுகிறது. அதைவிட மனதைப் படுத்துவது இன்னொன்று: ஒழுங்காக நிமிர்ந்து மிதக்கும் நேரத்திலும் மீன் மேலே எழும்பி, கிட்டே வந்து, அப்படியே திரும்பிப் போகிறது. நிறம் பொருந்தவில்லையா? வேறு ஃபிளைக்கு மாறிவிடலாமா?

ஓடைக்கல் எழுதியது:

அளவுகளைச் சரிபார்த்தீர்களா? வால், முள்ளின் தண்டு நீளம். இறக்கையும் ஏறக்குறைய அதே நீளம். ஹேக்கிள், அதாவது முள்ளைச் சுற்றிக் கட்டும் இறகின் மயிர், முள்ளின் வாய் அகலத்தைப் போல (தண்டுக்கும் கூர்முனைக்கும் உள்ள இடைவெளி) ஒன்றரை மடங்கு. முள்ளின் கண்ணுக்கு (லைனைக் கட்டும் வளையத்துக்கு) பின்னால் கொஞ்சம் வெறும் தண்டு தெரிய வேண்டும். பெரும்பாலும் கோளாறு இங்கேதான் இருக்கும்.

கரைநடை எழுதியது:

ஃபிளையை மாற்ற வேண்டாம், நிறத்தையும் மாற்ற வேண்டாம். 1922இல் மிச்சிகனில் லென் ஹாலடே இதைக் கட்டி, போர்ட்மன் ஆற்றில் போட்டுப் பார்க்கச் சொல்லி சார்லஸ் ஆடம்ஸ் என்ற நண்பரிடம் கொடுத்தார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. எந்த ஒரு பூச்சியையும் அச்சாகப் பார்த்துச் செய்ததல்ல இது. மேஃபிளை, கேடிஸ் என்று ஆற்றுப் பூச்சிகளில் எது பறந்தாலும் அந்தச் சாம்பல் கலவை ஒத்துப்போகும். அதனால் எழும்பி வந்த மீன் நிறத்துக்காகத் திரும்புகிறது என்று நான் நம்பமாட்டேன். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். சாய்வதையும் மூழ்குவதையும் வைஸிலேயே சரிசெய்யலாம். மீன் திரும்பிப் போவதற்கு மருந்து ஆற்றில்தான் இருக்கிறது.

முதலில் கட்டும் வேலை. பக்கவாட்டில் சாய்ந்தால் இறக்கையைப் பாருங்கள். உயரம் கூடினாலோ, ஒன்று நீண்டு ஒன்று குறுகினாலோ சாயத்தான் செய்யும். வாலுக்கு மெத்தென்ற மயிர் உதவாது. விறைப்பான ஹேக்கிள் மயிரை எடுத்து, நுனிகளை லேசாக விரித்துக் கட்டுங்கள். பின்பாரத்தைத் தாங்குவது அதுதான்.

ஹேக்கிளில் அவசரமே கூடாது. இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நடுத்தண்டை ஒட்டி மங்கலாக, பஞ்சு போல ஒரு பட்டை தெரியும். அது தண்ணீரைக் குடிக்கும். அது அதிகமுள்ள அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். தண்டின் அடியில் கொஞ்சம் மயிரை உருவிவிட்டு, அந்த வெறும் தண்டும் சற்று வெளியே தெரியும்படி கட்டுங்கள். முதல் சுற்றில் மயிர் கோணாமல் நேராக எழும்பும். பழுப்பை முதலில் சுற்றுங்கள்: இறக்கைக்குப் பின்னால் மூன்று சுற்று, முன்னால் மூன்று. அப்புறம் கிரிஸ்லியை அதன் இடுக்குகளில் நுழைத்து, லேசாக இடவலம் ஆட்டிக்கொண்டே சுற்றினால் கீழே உள்ள மயிர் மடங்காது. பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி அடர்த்தியாக வந்தால் பார்வைக்கு நிறைவாக இருக்கும், ஆனால் அவ்வளவு தேவையில்லை. மயிர் நுனிகள் தண்ணீரின் தோலின்மேல் நிற்க வேண்டும், அதற்கு விறைப்பு போதும்.

டப்பிங்கை மெல்லிசாக முறுக்குங்கள். இந்த ஃபிளைக்கு வழக்கமாகப் போடும் மஸ்க்ராட் (நீரில் வாழும் ஒரு கொறிவிலங்கு) அடிமயிர் தண்ணீரை எளிதில் ஏற்காது. ஆனால் எந்த மயிரையும் குண்டாகச் சுற்றினால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சரி, ஆற்றுக்கு வருவோம். கிட்டே வந்து திரும்புகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இழுவையைத்தான். உங்கள் லைன் நடு ஆற்றின் வேகமான ஓட்டத்தில் கிடக்கிறது, ஃபிளை அக்கரையோரம் மெதுவான தண்ணீரில் கிடக்கிறது. லைன் வில்லாக வளைந்து ஃபிளையை இழுக்கிறது. ஓட்டத்தில் மிதந்து வரும் பூச்சி அப்படி நகராது. ஃபிளைக்குப் பக்கத்தில் மிதக்கும் ஒரு நுரைக்குமிழியைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபிளை அதை முந்தினாலும் பிந்தினாலும் இழுவை இருக்கிறது. இருபது அடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாத இழுவைகூட அடியில் இருக்கும் மீனுக்குத் தெரியும்.

டிரவுட் ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். ஆகவே அதற்குக் கீழே, பின்பக்கமாக நின்று, மேல்நோக்கிச் சாய்வாக வீசுங்கள். முடிந்தவரை கிட்டே போங்கள், லைன் தண்ணீரில் குறைவாகக் கிடக்கும். லைன் விழுந்த உடனே, அது வளைவதற்கு முன்பே, கம்பு நுனியால் மேலோட்டப் பக்கம் தூக்கிப் போடுங்கள். டிப்பெட்டை, அதாவது ஃபிளையைக் கட்டும் கடைசி மெல்லிய நரம்பை, இரண்டு அடி கூட்டுங்கள். நைலான் 5X, அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர், 14ஆம் எண்ணுக்குச் சரியாக இருக்கும். அது சுருள் சுருளாக விழட்டும், அந்தச் சுருள் விரிந்து முடியும்வரை ஃபிளை தன் போக்கில் மிதக்கும். ஃபுளோரோகார்பன் தண்ணீரைவிடக் கனம், டிரை ஃபிளைக்கு நான் போடமாட்டேன்.

புதுநூல் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. குமிழியைக் கவனிக்க எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு கேள்வி. மிதப்பதற்கான ஜெல்லை எப்போது தடவுவது? மீன் வாயில் எடுத்ததும் உடனே சுண்ட வேண்டுமா?

கரைநடை எழுதியது:

ஜெல் முதல் வீச்சுக்கு முன், ஃபிளை நன்றாகக் காய்ந்திருக்கும்போது. ஒரு துளியை விரல்களில் தேய்த்துக் கரைத்துவிட்டு ஹேக்கிளிலும் உடம்பிலும் தடவுங்கள். நனைந்த ஃபிளையின் மேல் தடவினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். டிப்பெட்டில் பட்டால் துடைத்துவிடுங்கள்.

சுண்டவே வேண்டாம். மீன் வாயை மூடித் தலையைக் கீழே திருப்பும்வரை பொறுத்து, கம்பை உயர்த்தி லைனை இறுக்கினால் முள் ஏறிவிடும். முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னச் செதிலைக் குறட்டால் நசுக்கி வைத்திருந்தால் கழற்றுவதும் சுலபம், மீனுக்கும் காயம் குறைவு. கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், கூடுமானவரை தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றுங்கள். அப்புறம் ஃபிளையில் ஒட்டிய வழவழப்பு போக அலசி, துணியில் ஒற்றி, சிலிக்கா தூளில் போட்டுக் குலுக்கி, ஊதிவிட்டு மறுபடி வீசுங்கள். இந்த நிலையில் ஜெல் வேண்டாம், தூளே போதும்.