மென்ஆஃப்ரிவாக்: ஐஸ் இல்லாமல் எத்தனை நாள்?

கேள்வி: புனேயில் தயாரித்து 2010-இல் புர்கினா ஃபாசோவில் தொடங்கிய மென்ஆஃப்ரிவாக் என்ற மூளையுறைக் காய்ச்சல் (மெனிஞ்சைடிஸ்) தடுப்பூசியைக் குளிர்பெட்டி இல்லாமலே கிராமங்களுக்குக் கொண்டுபோனார்களாமே, எப்படி?

பதில் 1: 40 டிகிரிக்கு மிகாமல் நான்கு நாள் வரை வெளியே வைக்கலாம் என்று 2012-இல் அனுமதி கிடைத்தது. அதுவும் இன்னும் கரைக்காத தூள் மருந்துக் குப்பிக்குத்தான். கரைத்துவிட்டால் ஆறு மணி நேரம். மீந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

பதில் 2: சிக்கல் பயன்படுத்தாமல் திரும்பி வரும் குப்பிகளில்தான். எத்தனை நாள் வெளியே இருந்ததென்று குப்பி மேலேயே தினமும் ஒரு கோடு போடணும். இல்லாவிட்டால் பழையதும் புதியதும் கலந்துவிடும். குப்பியில் ஒட்டியிருக்கும், வெப்பம் பட்டுப் பட்டு நிறம் மாறும் வெப்பக்குறி மட்டும் போதாது. 40 டிகிரியைத் தாண்டினால் நிறம் மாறும் அட்டையும் பெட்டிக்குள் இருக்கணும்.

கேள்வி கேட்டவர்: இந்த நோய்க்கிருமியின் எல்லா வகைக்கும் கேட்குமா?

பதில் 1: ஏ வகைக்கு மட்டும். 2015-இல் நைஜரில் பரவியது சி வகை. ஐந்து வகைக்குமான புதிய ஊசி 2024-இல் நைஜீரியாவில் தொடங்கியது. அதுவும் புனே தயாரிப்பே.