புதுப்பிப்பு: சைக்ளோடெக்ஸ்ட்ரின் குழிக்குள் சாயம் ஒளிர்வது ஏன்?

நீரில் மங்கிக் கிடக்கும் ஏ.என்.எஸ். சாயம், பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறைச் சேர்த்ததும் புற ஊதா விளக்கின் கீழ் நன்கு ஒளிர்வது ஏன் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். 7 குளுக்கோஸ் அலகுகளாலான அவ்வளையத்தின் குழி ஏறக்குறைய 0.6 நானோமீட்டர் அகலமே உடையது. சாயத்தின் ஒரு பகுதி அதற்குள் நுழையும்போது சுற்றியிருந்த நீர் மூலக்கூறுகள் விலகி, சுழற்சியும் கட்டுப்படுவதால், வெப்பமாக வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கு ஒளியாக வெளிப்படுகிறது என்று பதிலளித்தவர்கள் கூறியது சரியே.

சோதித்துப் பார்க்க, அதே குப்பியில் குழிக்குள் கச்சிதமாகப் பொருந்தும் அடமன்டேன் கார்பாக்சிலேட் என்ற சேர்மத்தின் கரைசலைத் துளித்துளியாக விட்டேன். குழியை அது பிடித்துக்கொண்டு சாயத்தை வெளியேற்ற, ஒளி கண்ணெதிரே தணிந்தது. முதல் முயற்சியில் கரைசல் கலங்கியது என் தவறுதான்: பீட்டா வகை 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 18.5 கிராம் மட்டுமே கரையும். ஆனால் நான் லிட்டருக்கு 30 கிராம் கணக்கில் கொட்டியிருந்தேன்.

8 அலகுகள் கொண்ட காமா வகையைப் பற்றிக் கேட்டவருக்கு: அங்கே இடம் கூடுதல் என்பதால் பைரீன் என்ற ஒளிரும் சேர்மத்தின் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஒட்டி அமர்ந்து, தனி மூலக்கூறு தரும் 375 முதல் 395 நானோமீட்டர் வரையிலான ஒளியிலிருந்து வெகுவாக விலகி, 470 நானோமீட்டரை ஒட்டிய எக்சைமர் (ஒளியை உறிஞ்சிய மூலக்கூறும் மற்றொன்றும் சேர்ந்த இணை) ஒளியைத் தரக்கூடும். அடுத்து அதைத்தான் செய்து பார்க்கவிருக்கிறேன்.