ஹொட் டப்பில் (வெந்நீர்த் தொட்டியில்) ஸ்டெபிலைசர் ஆவியாகுமா?

ஏஜாக்ஸ்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் கோபம் ஆறவில்லை. "8 மாதமாகத் தண்ணீர் மாற்றவில்லை, தினமும் ஒரு கரண்டி டைக்குளோர், தண்ணீர் கண்ணாடி மாதிரி" என்கிறார். கீழே 14 பேர் நன்றி வேறு. பிள்ளைகள் இறங்குகிற தொட்டி அது! டைக்குளோர் தூளில் குளோரின் மட்டும் இல்லை, ஸ்டெபிலைசர் என்கிற சயனூரிக் அமிலமும் சேர்ந்தே வருகிறது. 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) குளோரின் ஏற்றினால் கூடவே 9 பிபிஎம் ஸ்டெபிலைசர் ஏறும். குளோரின் தன் வேலையைச் செய்து தீர்ந்துவிடும். ஸ்டெபிலைசர் அங்கேயே கிடக்கும். தினம் 3 பிபிஎம் போட்டால் ஒரே மாதத்தில் 80. அவ்வளவு ஸ்டெபிலைசர் குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் குளோரின் 3 என்று காட்டினாலும் கிருமியைக் கொல்கிற வேகம் அதற்கு இருக்காது.

வெந்நீர்வாசி:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதலாம், பயமில்லை. என் தொட்டி 40 பாகையில் நிற்கிறது. மூடியைத் தூக்கினால் ஆவி முகத்தில் அடிக்கும். அந்த ஆவியோடு உங்கள் ஸ்டெபிலைசரும் போய்விடும். கிழமைக்கு இரண்டு வாளி புதுத் தண்ணீரும் விடுகிறேன். அடியில் கிடக்கிற ஸ்க்ரூவின் மரை கூடத் தெரிகிறது. இதைவிட என்ன சுத்தம் வேண்டும்?

ஏஜாக்ஸ்காரன்:
ஆவியாகாது. தண்ணீர்தான் ஆவியாகும். உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருப்பது என்ன? தண்ணீர் போய், அதில் இருந்தது மிஞ்சியது. நீங்கள் விடுகிற இரண்டு வாளி, ஆவியாகிப் போன தண்ணீருக்கு ஈடு, அவ்வளவுதான். 1500 லீற்றரில் இருக்கிற ஸ்டெபிலைசரை அது ஒன்றும் செய்யாது.

பிரம்ப்டன்_குமாரி:
இரண்டு பேரும் குளோரினை விட்டுவிட்டுப் புரோமினுக்கு வாருங்கள், அதுவும் கிருமி கொல்கிற மருந்துதான். சூட்டைத் தாங்கும், மணம் குறைவு, பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) கொஞ்சம் ஏறினாலும் வேலை செய்யும். எங்கள் வீட்டுப் பிரச்சினை மருந்தே இல்லை, மனிதர்கள்தான். போன நத்தாருக்கு வந்த சொந்தக்காரர் தலைக்கு நல்லெண்ணெய் வைத்த கையோடு இறங்கிவிட்டார். விடிய, தண்ணீரைப் பீய்ச்சுகிற ஜெட்டைப் போட்டால் பால் பொங்குவது போல நுரை. தண்ணீர்க் கோட்டைச் சுற்றி மண்ணிறத்தில் ஒரு வளையம், நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வந்தது. ஃபில்டரை மூன்று முறை கழுவினேன்.

வெந்நீர்வாசி:
பார்த்தீர்களா, அவர்களுக்குப் புரோமின் போட்டும் நுரை. எனக்கு 8 மாதமாக நுரையே இல்லை.

கொக்குவில்_பொடியன்:
அண்ணை, தெளிவை நம்பாதீர்கள். எனக்கும் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் இடுப்பைச் சுற்றி, சரியாக நீச்சலுடை இருந்த இடத்தில், சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். ஹொட் டப்பில் பிடித்த சூடோமோனாஸ் என்கிற கிருமி என்று டாக்டர் சொன்னார். மகளுக்கும் அதே. அன்று குளோரின் அளந்தால் 3 காட்டியது. ஸ்டெபிலைசரை நான் ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை.

வெந்நீர்வாசி:
நீச்சலுடையில் சோப் மிச்சமிருந்திருக்கும். தண்ணீரைக் குற்றம் சொல்லாதீர்கள் தம்பி.

ஏஜாக்ஸ்காரன்:
சோப்பா? கொஞ்சம் பொறுப்போடு எழுதுங்கள். 1999இல் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் பூக் கண்காட்சி நடந்தது. அங்கே பார்வைக்கு வைத்த ஒரு நீர்ச்சுழல் தொட்டி. சனம் அதில் இறங்கவில்லை, பக்கத்தால் நடந்து போனது மட்டும்தான். அதிலிருந்து பறந்த நுண்துளியில் லெஜியோனெல்லா, நுரையீரலைத் தாக்குகிற கிருமி. குறைந்தது 32 பேர் செத்தார்கள். ஹொட் டப்பில் குளோரின் குறைந்தது 3 பிபிஎம், பிஎச் 7.0க்கும் 7.8க்கும் இடையில், ஸ்டெபிலைசர் சேர்ந்த குளோரினே வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு நிலையமான சிடிசி சொல்கிறது. சிடிசிக்கு உங்கள் மேல் என்ன கோபம்?

வெந்நீர்வாசி:
நெதர்லாந்துக்கும் என் வீட்டுக் கொல்லைக்கும் என்ன தொடர்பு? போன மாரியில் பனி அள்ளும் மெஷின் பற்றிக் கதைத்தபோதும் இப்படித்தான். ஊர் உலகக் கதையெல்லாம் இழுத்து என்னை மட்டம் தட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

ஏஜாக்ஸ்காரன்:
மெஷின் விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி. பழைய பெற்றோல் கார்புரேட்டரை அடைக்கும் என்றேன், அடைத்தது. சரி, விஷயத்துக்கு வாருங்கள். ஆவியாகாது.

உப்பளத்தான்:
ஆனையிறவில் பிறந்தவன் சொல்கிறேன். உப்பும் ஆவியோடு பறக்கும் என்றால் எங்கள் உப்பளத்தில் வாரியது என்ன?

வெந்நீர்வாசி:
உப்பு வேறு, ஸ்டெபிலைசர் வேறு. இரசாயனம் படித்தவர்கள் கதைக்கட்டும்.

ஏஜாக்ஸ்காரன்:
இரசாயனம் தெரிந்தவர்தான் ஆவியாகும் என்றாரா? கேளுங்கள். ஸ்டெபிலைசர் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கத்தான். நீச்சல் குளத்துக்குச் சரி. மூடி போட்ட தொட்டியில் ஏது வெயில்? சிடிசி அந்தத் தூளே வேண்டாம் என்றாலும், நான் செய்வது இதுதான். புதுத் தண்ணீர் விட்டதும் முதல் சில நாள் டைக்குளோர், ஸ்டெபிலைசர் 30 வரும்வரை. அப்புறம் தூளை மூடி வைத்துவிட்டு வாசனை கலக்காத 6 சதவீத ப்ளீச், 1500 லீற்றருக்கு 75 மில்லி விட்டால் 3 பிபிஎம். ஜெட்டை ஓடவிட்டு மூடியைக் கொஞ்ச நேரம் திறந்தே வைப்பேன். குமிழியால் பிஎச் ஏறும், அதற்கு அமிலத்தூள். ஆனால் ப்ளீச்சும் அமிலமும் ஒரே பாத்திரத்தில் ஒருநாளும் சேரக்கூடாது, நச்சுவாயு கிளம்பும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியை வடித்துவிடுவேன்.

வெந்நீர்வாசி:
ஒன்ராறியோவில் ஜனவரியில், மைனஸ் 20இல் வடிக்கச் சொல்கிறார். குழாய் உறைந்து வெடித்தால் இவரா காசு தருவார்?

ஏஜாக்ஸ்காரன்:
ஜனவரியில் வடிக்க யார் சொன்னது? நவம்பரில் மாற்றுங்கள், மார்ச் வரை ஓடும். ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஸ்டெபிலைசர் சோதனைப் பெட்டி வாங்குங்கள். உங்கள் தண்ணீரில் மருந்தைக் கலந்தால் வெள்ளையாகக் கலங்கும். அடியில் கறுப்புப் புள்ளி இருக்கிற குழாயில் மெல்ல ஊற்றிக்கொண்டே வாருங்கள். புள்ளி மறைகிற இடத்தில் உள்ள எண்ணை இங்கே எழுதுங்கள். 50க்குக் கீழே வந்தால் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

வெந்நீர்வாசி:
என் தொட்டிக்கு நான் ஏன் உங்களிடம் பரீட்சை எழுத வேண்டும்?

ஸ்காபரோ_மாமா:
குமாரி, நத்தாருக்கு வந்த சொந்தக்காரர் என்று எழுதியது என்னைத்தானே? நான் குளித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

பிரம்ப்டன்_குமாரி:
மாமா, நான் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் குளிக்கவில்லை, கால்தான் கழுவினீர்கள்.

ஸ்காபரோ_மாமா:
வீட்டுக்கு வந்தவரைப் பற்றிப் பொதுவில் எழுதுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை.

வெந்நீர்வாசி:
இன்று இரவும் இறங்கப் போகிறேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது.

ஏஜாக்ஸ்காரன்:
பிள்ளைகளை மட்டும் இறக்காதீர்கள். ஆவியாகாது.

கொக்குவில்_பொடியன்:
ஏஜாக்ஸ் அண்ணை, அந்தக் கறுப்புப் புள்ளிப் பெட்டி நீச்சல் குளக் கடையில் கிடைக்குமா?