மறு: முகப்பு வளைவு நிதி (அதற்கு முன்னால் ஐஸ் பெட்டி)

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரிலிருந்து வாத்தியார் வீட்டு இரண்டாவது பெண் எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விட்டு முந்தாநாள்தான் திரும்பினேன். வந்து பார்த்தால் நம் ஊர் மடற்குழுவில், ஊர் முகப்பில் கட்டப்போகிற வளைவைப் பற்றி மட்டும் இருபத்தேழு மடல். நியூஜெர்சி அத்தான் கிரானைட்டா மார்பிளா என்று கேட்டிருக்கிறார். மஸ்கட் சித்தப்பா வழக்கம்போல் கஜா புயல் கணக்கைக் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் வருகிறேன். முதலில் ரைஸ்மில் வீட்டுப் பெரியம்மா சாவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா மகன் டொரோண்டோ அண்ணன் இதை இங்கே எழுதமாட்டார்.

பெரியம்மா போனது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. அண்ணன் எப்படி ஓடி வந்தாலும் சென்னையில் இறங்கி, கார் பிடித்து, ஊர் வந்து சேர வியாழன் காலை ஆகும். அதுவரை உடலை வைக்க லயன்ஸ் கிளப் ஐஸ் பெட்டிக்குச் சொன்னோம். ஒரு மணி நேரத்தில் குட்டியானையில் வந்து இறங்கியது. வாடகை கிடையாது, வண்டிக் கூலி மட்டும்தான். நான்கு சக்கரத்தில் ஒன்றைக் காணோம், அந்த மூலைக்குச் செங்கல் வைத்து முட்டுக் கொடுத்தார்கள். பக்கவாட்டில் கிளப் சின்னம் ஒட்டியிருக்கும் அல்லவா, ஒரு சிங்கம் இந்தப் பக்கமும் ஒரு சிங்கம் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு? அதில் பாதி கிழிந்து ஒரு சிங்கம்தான் மிச்சம்.

பெட்டி ஓடும்போது மேல் கண்ணாடியில் பனி பூத்துக்கொண்டே இருக்கும். பெரியம்மாவின் தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்து, துண்டால் துடைப்பதும் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். ராத்திரி பத்தரை வாக்கில் துடைக்காமலே முகம் தெரிந்தது. அப்போதுதான் பெட்டி நின்றுபோனது எங்களுக்கு உறைத்தது. வயல் மோட்டார் எல்லாம் ஓடுகிற நேரம், நம் தெரு டிரான்ஸ்ஃபார்மரின் கடைசி முனை, வோல்டேஜ் இறங்கி கம்ப்ரசர் படுத்துவிட்டது. ஸ்டெபிலைசர் இருந்தால் தாங்கியிருக்கும். அது எங்கே என்று கேட்டால், மூன்று கிளப் தலைவருக்கு முன்னால் இருந்ததாம்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்து, படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்த வாரம் அது. அதனால் மல்லிப்பட்டினத்தில் ஐஸ் ஃபேக்டரி ஓடிக்கொண்டிருந்தது. அதே குட்டியானையை அனுப்பி, ராத்திரி ஒன்றரைக்கு ஐஸ் பார் வந்தது. உமி ஒட்டிய ஐஸ், மீன் வாடையோடு. எத்தனை கட்டு ஊதுபத்தி கொளுத்தினோம் என்று கணக்கில்லை. விடிந்ததும் பட்டுக்கோட்டையிலிருந்து வாடகைப் பெட்டி வந்துவிட்டது, சரி. ஆனால் வியாழன் காலை அண்ணன் வந்து இறங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் திண்ணையெல்லாம் ஈரமாக் கிடக்கு?" என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

கருமாதி முடிந்து கிளப் செயலாளர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் டீ கொடுத்துவிட்டு, பெட்டி போய்வந்த ரெஜிஸ்டரை எடுத்து முன்னால் வைத்தார். கடைசிப் பக்கத்தில் 11 வீடு. அதில் 7 வீட்டில் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில். எல்லாம் நம் வீடுகள், இந்த மடலைப் படிக்கிறவர்கள் வீடுகள். நியூஜெர்சி அத்தானின் அம்மா, நம் அத்தை பெயரும் இருக்கிறது. பழுதுபார்த்த செலவு எழுதுகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் கிளப்காரர் யாராவது ஒருவர் பெயர். ஒருவர் உரக்கடை, ஒருவர் மருந்துக்கடை, ஒருவர் ரிட்டயர்டு தலைமையாசிரியர். நம்மில் ஒருத்தர் பெயர்கூட இல்லை. எனக்குச் சண்டை போட வாய் வரவில்லை.

பழைய வழக்கம் உங்களுக்கே தெரியும். சாவு விழுந்தால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். எடுக்கும்வரை கோயில் நடை திறக்காது, தெருவில் உலை ஏறாது. 1991-இல் அப்பாயி போனபோது அப்பா இங்கே சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலையில் இருந்தார். தந்தி கையில் கிடைத்தபோது அப்பாயி சாம்பலாகி இரண்டு நாள். பதினாறாம் நாளுக்குத்தான் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை, "மூஞ்சியப் பாக்கலியே" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் இருக்கிறவர்களுக்கு இன்றைக்கும் அந்தப் பெட்டி தேவையில்லை. அது நமக்காகக் காத்திருக்கிற பெட்டி. நாம் விமானம் பிடித்து வருகிற இரண்டு நாளும் தெரு முழுக்கப் பட்டினி கிடந்து நம்மோடு சேர்ந்து காத்திருக்கிறது.

இப்போது வளைவு. லயன்ஸ் கிளப்பில் ஜூலை 1 வந்தால் தலைவர் மாறுவார். ஒரு வருஷம்தான் பதவி. புதிதாக வருகிறவருக்குத் தன் காலத்தில் ஒன்று செய்துகாட்ட ஆசை இருக்காதா? போன தலைவர் வாங்கியதைப் பழுதுபார்த்தால் யார் போட்டோ எடுப்பார்கள்? பொருளைப் பார்த்துக்கொள்ள லயன் டேமர் என்றே ஒரு பதவி உண்டு. கொடி, மணி, பேனர் எல்லாம் அவர் பொறுப்பு. பெட்டி சாவியும் அவரிடம்தான். ஆனால் கையில் காசு கொடுக்காமல் சாவியை மட்டும் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? இதே புத்திதான் நமக்கும். புதிதாகக் கட்டக் கேட்டால் இருபத்தேழு மடல், சக்கரம் மாற்றக் கேட்டால் ஒன்றும் வராது.

சித்தப்பாவுக்கு: 2018 நவம்பரில் கஜாவுக்கு அனுப்பிய பணத்தின் பில்கள் போஸ்ட்மாஸ்டர் மாமா வீட்டுப் பரணில், பச்சை ஃபைலில் இருந்தன. நானே ஏறி எடுத்தேன். தார்ப்பாய், மெழுகுவர்த்தி, அரிசி, தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கு ஜெனரேட்டர் வாடகை, டீசல். எல்லாவற்றையும் போட்டோ எடுத்திருக்கிறேன். டீசல் பில் இரண்டு குறைகிறது. கரண்டே இல்லாத ஊரில், தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்த ரோட்டில், கேனில் வாங்கிவந்த டீசலுக்கு யாரிடம் பில் கேட்பது? இனிமேலுக்குச் சொல்கிறேன். லயன்ஸ் விதிப்படி நிர்வாகக் கணக்கு வேறு, சேவைக் கணக்கு வேறு. வெளியாரிடம் வாங்குகிற பணத்தைச் சொந்தச் செலவுக்கோ கூட்டத்துச் சாப்பாட்டுக்கோ தொடக்கூடாது. செயலாளர் இரண்டு பாஸ்புக்கையும் காட்டினார்.

அத்தானுக்கு: கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்குக் கொடுக்கிற ஓசிஐ அட்டை இருந்தாலும், ஆகும். அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் விழ வேண்டும். பதிவுள்ள வேறொரு சங்கம் வாங்கி நம் கையில் மாற்றிக் கொடுக்கவும் வழியில்லை. நம் கிளப்புக்கோ நம் சங்கத்துக்கோ இரண்டும் கிடையாது. ஆக வளைவுக்கு அதிகம் எழுதுகிறவர்கள்தான் ஒரு ரூபாயும் அனுப்ப முடியாதவர்கள். பெயர்தான் முக்கியம் என்றால், லயன்ஸ் அறக்கட்டளைக்கு அங்கேயே 1,000 டாலர் கட்டினால் மெல்வின் ஜோன்ஸ் ஃபெல்லோ என்று பெயருக்குப் பின்னால் எம்.ஜே.எஃப். போட்டுக்கொள்ளலாம். நம் ஊர் அழைப்பிதழில் அந்த மூன்று எழுத்து இல்லாத பெயரைத் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பள்ளியில் கண் முகாம் நடந்தது. டோக்கன் எழுத என்னை உட்கார வைத்துவிட்டார்கள். 1925-இல் பார்வையற்ற ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் வந்து பேசிய கதையைத் தலைவர் இந்த வருஷமும் விடவில்லை. வரிசையில் நின்ற கிழவிகள் வடை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். புரை இருந்தவர்களை ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏற்றிப்போனார்கள். லென்ஸ் வைத்துக் கொண்டுவந்து விட்டார்கள், செலவு இல்லை. அம்மாயிக்கு அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்திலேயே பெஞ்சு போட்டு ஆபரேஷன் செய்து, அப்புறம் ஆயுளுக்கும் சோடாபுட்டிக் கண்ணாடி. இப்போது திரும்பி வந்த ஒரு பாட்டி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என்னைப் பார்த்து, "என்னடி இவ்வளவு நரச்சிட்டே?" என்றார்.

கேட்பது இதுதான். கம்ப்ரசர், ஸ்டெபிலைசர், சக்கரம் மூன்றுக்கும் மெக்கானிக் 18,500 சொல்லியிருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டுப் போக 3,000. வளைவு அப்புறம்.

---

மஸ்கட்டிலிருந்து:

அம்மாடி, கடிதம் நன்றாக எழுதியிருக்கிறாய், வாத்தியார் வீட்டுப் பெண் அல்லவா. போட்டோக்களைப் பார்த்தேன். டீசல் பில் இரண்டு குறையவில்லை, மூன்று. 22-ஆம் தேதிக்கும் இல்லை. தார்ப்பாய் 60 என்று எழுதியிருக்கிறது, கையெழுத்து 54 பேர்தான் போட்டிருக்கிறார்கள். மீதி ஆறு எங்கே என்று ஏழு வருஷமாகக் கேட்கிறேன். கணக்குக் கேட்கிறவன் கெட்டவன், சரி. ஆனால் முதல் நாள் முதல் தார்ப்பாய் ஓட்டு வீடான உங்கள் வீட்டுக்குப் போனது, கூரை பிய்ந்த என் அக்கா வீட்டுக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. இதை யாரும் எந்த ஃபைலிலும் எழுதி வைக்கவில்லை, நான் வைத்திருக்கிறேன். 18,500-க்கு ஜிஎஸ்டி பில் வேண்டும். மெக்கானிக் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் நான் ஏற்கமாட்டேன். பில் வந்தால் ஸ்டெபிலைசர் என் பங்கு.

---

நியூஜெர்சியிலிருந்து:

சட்டம் பேசுகிற அளவுக்கு நீ வளர்ந்துவிட்டாய், சந்தோஷம். நீ பாலிடெக்னிக் சேர யார் கூட வந்து நின்றது என்பதை மட்டும் மறந்துவிட்டாய் போல.

பெட்டிக்குக் கொடுத்தால் என்ன எழுதுவார்கள்? உபயம் என்று போட்டு என் அம்மா பெயரையா? சாவுப் பெட்டியில் யாராவது பெயர் எழுதுவார்களா? பக்கத்து ஊர்க்காரன் வளைவு கட்டி, பஸ்ஸில் போகிறவன் எல்லாம் அவன் ஊர்ப் பெயரை வாசித்துக்கொண்டு போகிறான். நம் ஊர் எங்கே என்று கேட்டால் இன்னும், "அந்த வளைவைத் தாண்டி ரெண்டு கிலோமீட்டர்" என்று சொல்கிறார்கள். உனக்கு இது உறுத்தவில்லையா?

அம்மாவுக்கு அந்தப் பெட்டிதான் என்பது எனக்குத் தெரியாது. நான் வந்தபோது மாலை போட்டு மூடியிருந்தது. வாடகைப் பெட்டி என்று நினைத்து, காசு கொடுத்தாயிற்றா என்று தம்பியிடம் கேட்டேன். ஆயிற்று என்றான்.

---

சிங்கப்பூரிலிருந்து:

சித்தப்பா, ஆறு தார்ப்பாயைப் பற்றி வீட்டில் கேட்டுச் சொல்கிறேன். முதல் தார்ப்பாய் எங்கள் வீட்டுக்கு வந்தது உண்மை. கிளப்காரர்கள் எங்கள் கூடத்தில்தான் அரிசி மூட்டையை அடுக்கியிருந்தார்கள். உங்கள் அக்காவிடம் அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஜிஎஸ்டி பில் வாங்கிவிட்டேன், இணைத்திருக்கிறேன்.

அத்தான், பாலிடெக்னிக்கை மறக்கவில்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்த கேசியோ கால்குலேட்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம், தம்பி இந்தியப் பாஸ்போர்ட்தான், அவர் சொந்தக் காசைக் கொடுக்கட்டும், நீங்கள் அவரோடு பேசிக்கொள்ளுங்கள். வளைவு மடலை நான் தடுக்கவில்லை. கிரானைட் என்றால் வெயிலுக்கு எழுத்து மங்காது என்று பெயிண்டர் சொன்னார்.

கம்ப்ரசர் மாற்றியாயிற்று. சக்கரம் இன்னும் வரவில்லை, செங்கல்தான். செயலாளர் இப்போதுதான் போன் செய்தார், பெட்டி நேற்று ராத்திரி கீழத்தெரு பட்டாமணியார் வீட்டுக்குப் போயிருக்கிறதாம். பையன் துபாயிலிருந்து கிளம்பிவிட்டான், மத்தியானம் திருச்சியில் இறங்குவான். திருச்சிப் பக்கம் யாராவது காரோடு இருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள்.