மேட்டில் மட்டும் எரியும் செக் லைட்: பழைய லாரியில் வயரிங் கோளாறு தேடிய அனுபவங்கள்

சொந்த வண்டி ஓட்டுபவர்:

என்னுடையது பழைய 24 வோல்ட் வண்டி. சமதரையில் ஒரு தொந்தரவும் இல்லை. லோடுடன் மேடு ஏறும்போது மட்டும் செக் லைட் (என்ஜின் கோளாறு விளக்கு) எரியும், ஆயில் பிரஷர் முள் சட்டென்று விழும், இழுவை போய்விடும். மேடு முடிந்தால் எல்லாம் சரி. ஸ்கேனரில் எஸ்பிஎன் (கோளாறு எந்த இடத்தில் என்று சொல்லும் எண்) 100, 102, 94 என்று மூன்று கோட். ஆயில் பிரஷர், பூஸ்ட் பிரஷர், டீசல் சப்ளை பிரஷர். மூன்றுக்கும் எஃப்எம்ஐ (என்ன வகைக் கோளாறு என்று சொல்லும் எண்) 4, அதாவது வோல்டேஜ் குறைவு அல்லது எர்த்தோடு (பேட்டரி மைனஸோடு சேர்ந்த வண்டி உடலோடு) ஷார்ட்.

“மூன்று சென்சாரையும் மாற்றிவிடலாம்” என்றார்கள் பட்டறையில். ஒரே நிமிஷத்தில் மூன்றும் சேர்ந்தா சாகும்? சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் சாதாரண கேஜ் மாட்டிப் பார்த்தேன், ஆயில் பிரஷர் நன்றாகவே இருந்தது. இன்னொன்றும் உறுத்தியது. கூலன்ட் டெம்பரேச்சர் கோட் மட்டும் வரவே இல்லை. அது இரண்டு வயர் சென்சார். கோட் வந்த மூன்றும் மூன்று வயர் உள்ளவை. ஈசியூவிலிருந்து (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வரும் 5 வோல்ட் லைனை இந்த மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று அந்த லைனை இழுத்துக் கீழே போட்டால் மற்றவையும் பொய் சொல்லும்.

என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஆயில் பிரஷர் சென்சாரின் கப்ளரில் (வயர் செருகும் இணைப்பு) மல்டிமீட்டரை வைத்துவிட்டு ஹார்னஸை (வயர்க் கட்டு) பகுதி பகுதியாக ஆட்டினேன். என்ஜினின் பின்பக்கம் ஒரு இடத்தில் தொட்டதும் 5 வோல்ட் ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. சென்சார் கப்ளர்களை எல்லாம் கழற்றிவிட்டு ஆட்டினாலும் அதேதான். ஆகவே சென்சார்கள் மேல் பழி இல்லை, வயர்தான். கிளிப் உடைந்து, ஹார்னஸ் ஒரு பிராக்கெட் மேல் கிடந்து தேய்ந்து, செம்பு பளபளவென்று வெளியே தெரிந்தது. லோடில் என்ஜின் மவுண்டிங்கில் சற்றுச் சாயும், அப்போது பட்டுவிடும். மேட்டில் மட்டும் வந்த ரகசியம் இதுதான்.

பட்டறை எலக்ட்ரீஷியன்:

அண்ணே, எங்களிடம் வரும் பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் எர்த் பிரச்சினைதான். ஒரு வண்டியில் ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறும், அணைத்தால் இறங்கும். தெர்மோஸ்டாட், சென்சார், மீட்டர் எல்லாம் மாற்றிவிட்டு வந்திருந்தார் ஓட்டுநர். கேபினுக்கும் சேஸிக்கும் இடையில் போகும் எர்த் ஸ்ட்ராப்பைப் பார்த்தேன். கேபினைத் தூக்கித் தூக்கி இறக்கியதில் இழைகள் அறுந்து, இரண்டு மூன்றுதான் மிச்சம். ஹெட்லைட்டின் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் கேபின் எர்த்தே சற்று மேலே ஏறி நிற்கிறது, மீட்டர் குழம்புகிறது.

ஓம்ஸ் வைத்துப் பார்த்தால் இது அகப்படாது. மல்டிமீட்டர் அனுப்பும் துளி கரண்டுக்கு ஒரே ஒரு இழை போதும், நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடும். கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் டிராப், அதாவது வழியில் எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரி மைனஸில் ஒரு புரோப், என்ஜின் பிளாக்கில் இன்னொன்று, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிளைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கேபினுக்கும் இதே முறைதான், ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டுவிட்டுப் பாருங்கள்.

இடையில் ஒரு புலம்பல். 24 வோல்ட் வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கும், ரேடியோவுக்காக அதில் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுக்காதீர்கள். ஒன்று தேயும், மற்றது ஓவர்சார்ஜ் ஆகும். கன்வெர்ட்டர் போடுங்கள்.

முன்பு ஓட்டுநர், இப்போது வண்டிகளைப் பராமரிப்பவர்:

காருக்கான 16 பின் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு வருவார்கள், பழைய கனரக வண்டியில் பெரும்பாலும் 6 பின் அல்லது 9 பின் வட்டக் கப்ளர்தான் இருக்கும். அதற்கும் முந்திய சில வண்டிகளில் விளக்கே மினுக்கிச் சொல்லும்: இரண்டு மினுக்கு, ஒரு இடைவெளி, மூன்று மினுக்கு என்றால் 23. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும், அதன் கையேடு இல்லாமல் ஊகிக்கக் கூடாது.

ஸ்கேனர் ஈசியூவோடு பேசவே இல்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, 9 பின் கப்ளரில் கேன் ஹை, கேன் லோ (வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் இரு வயர்கள்) இரண்டுக்கும் இடையே ஓம்ஸ் பார்ப்பேன். 60 வர வேண்டும். 120 வந்தால் இரு முனைகளிலும் உள்ள ரெசிஸ்டரில் ஒன்று போயிருக்கும், அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கும். ஒரு வண்டியில் பாடி வெல்டிங் முடிந்து வந்ததும் இப்படி ஆனது. பேட்டரியும் ஈசியூ கப்ளரும் கழற்றாமலே சேஸியில் வெல்டிங் வைத்திருக்கிறார்கள்! பக்கத்தில் போன கேன் வயர் சூட்டில் உருகி இருந்தது. ஈசியூ தப்பியது அதிர்ஷ்டம்தான்.

அப்புறம், ஈசியூ வயர்களில் பல்பு போட்ட டெஸ்ட் லேம்பைக் குத்தாதீர்கள். பல்பு இழுக்கும் கரண்டை அந்த சர்க்யூட் தாங்காது.

இன்னொரு ஓட்டுநர்:

எனக்குக் கோட் எதுவும் வராது, இரவு நிறுத்தினால் காலையில் செல்ஃப் அடிக்காது. வண்டி நிற்கும்போது கரண்ட் எங்கே கசிகிறது என்று பார்க்க பேட்டரி மைனஸில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றினோம், கரண்ட் இறங்கவே இல்லை. ஆல்டர்னேட்டரின் பெரிய கேபிளைக் கழற்றியதும் இறங்கிவிட்டது. உள்ளே டையோடு (ஏசி கரண்டை டிசி ஆக்கும் பாகம்) கசிந்துகொண்டிருந்தது. பகலில் 28 வோல்ட் காட்டியதால் அதை யாரும் சந்தேகப்படவில்லை. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி வைத்துப் பார்த்தபோதுதான் டையோடு கெட்டது தெரிந்தது, சார்ஜிங் லைனில் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஏசி ஏறியிருந்தது.