சீக்ரெட் வார்ஸ்: முதலில் 12 இதழா, கறுப்பு உடையா?

குன்னூர் வாசகி:
மே லீவுக்கு அண்ணன் மகன் கோவையிலிருந்து வருகிறான். ஒன்பதாம் வகுப்பு, ஸ்பைடர்மேன் என்றால் உயிர். அவனுக்கு மார்வெலின் ‘சீக்ரெட் வார்ஸ்’ காமிக்ஸ் கொடுக்க ஆசை. 2015இல் வந்தது அல்ல. ஜிம் ஷூட்டர் எழுதி 1984–85இல் வந்த பழைய 12 இதழ்கள். பியாண்டர் என்ற மகாசக்தி, வீரர்களையும் வில்லன்களையும் வேறொரு கிரகத்துக்குக் கொண்டுபோய் மோதவிடும் கதை. கூடவே ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 252 முதல் 258 வரை, ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 265, எக்ஸ்மென் 183 எல்லாம் இருக்கின்றன. எதை முதலில் கொடுப்பது? கேட்டால் ஆளுக்கு ஒரு வரிசை சொல்கிறார்கள்.

கோத்தகிரி மூடுபனி:
252தான் அக்கா, யோசிக்கவே வேண்டாம். அட்டையில் 1984 மே என்று போட்டிருக்கும். சீக்ரெட் வார்ஸ் முதல் இதழிலும் அதே மாதம்தான். அதாவது கதை அங்கே தொடங்கும்போதே இங்கே ஸ்பைடர்மேன் சண்டை முடிந்து கறுப்பு உடையில் வீடு திரும்பிவிட்டான்! அந்த உடை எப்படிக் கிடைத்தது என்பது சீக்ரெட் வார்ஸ் 8இல்தான் வருகிறது, அது டிசம்பர் இதழ். இடையில் ஏழு மாதம் வாசகனைக் காக்க வைத்தார்கள். ஃபென்டாஸ்டிக் ஃபோரிலும் இதே வேலைதான். அந்தக் குழுவின் கல் உடம்புக்காரன் ‘திங்’ இருந்த இடத்தில் திடீரென்று ஷீ-ஹல்க் நிற்கிறாள். திங் எங்கே, ஏன் திரும்பவில்லை? அந்தக் கேள்வியோடு 12 இதழையும் படிப்பது தனிச் சுகம்.

வெலிங்டன் வாசி:
அந்த ஏழு மாதக் காத்திருப்பு 1984இல் கடையில் வாங்கியவர்களுக்கு. இந்தப் பையன் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் படிக்கப் போகிறான், அவனுக்கு என்ன காத்திருப்பு? அதுவும் போக, கறுப்பு உடை உயிருள்ள ஜந்து என்பது இன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை வைத்து வெனம் படமே வந்துவிட்டது. இல்லாத மர்மத்தைக் காப்பாற்ற எதற்கு இவ்வளவு பாடு? 12 இதழையும் ஒரே மூச்சில் கொடுங்கள். மேட்டல் பொம்மைகளோடு சேர்த்துக் கொண்டுவந்த கதை அது, புதிதாக வருகிற பிள்ளையும் பிடித்துக்கொள்ளும்.

மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலில் குன்னூரில் ஏறினால் என்ன ஆகும்? பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறு முதல் குன்னூர் வரைதான். பார்க்க வேண்டியதைத் தவறவிட்டு மேலே போய்ச் சேர்வீர்கள். 252இல் தொடங்குவதும் அப்படித்தான்.

கோத்தகிரி மூடுபனி:
அண்ணா, உடை என்ன என்பது தெரியும், சரி. எப்படிக் கிடைத்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 8ஆம் இதழை எடுத்துப் பாருங்கள். சண்டையில் ஸ்பைடர்மேனின் உடை கிழிந்துவிடுகிறது. துணி செய்து தரும் இயந்திரம் அந்தப் பக்கம் இருக்கிறது என்று தோரும் ஹல்க்கும் சொல்கிறார்கள். இவனாக ஒரு இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறான். ஒரு கறுப்பு உருண்டை வந்து விழுகிறது, கையில் எடுத்ததும் உடம்பெல்லாம் பரவுகிறது. புது ஸ்பைடர்-வுமனின் உடை மாதிரி இருக்கிறதே என்று அவனே நினைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான் காட்சி. 258இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸ் அதைச் சோதித்து, இது உயிர் என்று சொன்னதைப் படித்துவிட்டு இங்கே வந்தால், அவன் கை நீட்டும்போதே ‘தொடாதே’ என்று கத்தத் தோன்றும். 258 நவம்பர் இதழ், 8 டிசம்பர் இதழ். வந்த வரிசையே அதுதான்.

வெலிங்டன் வாசி:
நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே வரிசையில் எக்ஸ்மென் 183 எங்கே வருகிறது? 1984 ஜூலை. அதில் எக்ஸ்மென் வீரன் கொலாஸஸ், தன் காதலி கிட்டியிடம் வந்து, வேறொரு பெண்ணை நேசித்தேன், என்னைக் காப்பாற்ற அவள் உயிரையே கொடுத்தாள் என்று சொல்லி உறவை முறித்துக்கொள்கிறான். அந்தப் பெண்தான் ஸாஜி. அவள் முடிவு சீக்ரெட் வார்ஸ் 12இல், 1985 ஏப்ரலில். வந்த வரிசையில் படித்தால், அவள் அறிமுகமாகும் பக்கத்திலேயே சாகப்போகிறவள் என்று தெரிந்துவிடும். கறுப்பு உடைக்கு உதவுகிற வரிசை ஸாஜியைக் கெடுக்கிறது. நேராகப் படித்துவிட்டு 183க்கு வந்தால், கிட்டியின் முகத்தைப் பார்க்கும்போது இரண்டு பக்க நியாயமும் தெரியும். அந்த இதழ் அப்போதுதான் வலிக்கும்.

கூடலூர் பழைய புத்தகம்:
இரும்புக்கை மாயாவியை நாமெல்லாம் எந்த வரிசையில் படித்தோம்? பழைய புத்தகக் கடையில் கிடைத்த வரிசையில்தானே. பாதி இதழில் பின் அட்டை கூட இருக்காது. பையன் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள், எது பிடிக்கிறதோ அதை எடுப்பான்.

வெலிங்டன் வாசி:
மாயாவி கதைகள் பெரும்பாலும் தனித்தனிக் கதைகள் ஐயா. இது நாலைந்து தொடர் ஒன்றுக்குள் ஒன்று போய் வருகிற கதை. அது வேறு, இது வேறு.

கோத்தகிரி மூடுபனி:
183 விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. அதைக் கடைசியில் வையுங்கள் அக்கா. ஆனால் 252ஐ விட மாட்டேன். 252, 265, அப்புறம் சீக்ரெட் வார்ஸ் 1 முதல் 7 வரை, அங்கே நிறுத்தி 253 முதல் 258, பிறகு 8இலிருந்து முடிவு வரை.

வெலிங்டன் வாசி:
ஏழில் நிறுத்தினால் வேகம் போய்விடும் தம்பி. 8க்குப் பிறகு கதை ஓட்டமாக ஓடுகிறது, 10இல் வில்லன் டூம் பியாண்டரின் சக்தியையே பறிக்கிறான். அதற்கு முன்னால் பையனை நியூயார்க்குக்கு இழுத்துக்கொண்டு போய், ஆறு இதழ் கழித்துத் திரும்பக் கொண்டுவருவீர்களா?

குன்னூர் வாசகி:
நேற்று இரவு 4ஆம் இதழை மட்டும் எடுத்துப் பார்த்தேன். வில்லன் மாலிக்யூல் மேன் ஒரு மலைத்தொடரையே வீரர்கள் மேல் போடுகிறான், ஹல்க் அதை முதுகில் தாங்கி நிற்கிறான். அட்டையில் 15,000 கோடி டன் என்று போட்டிருக்கிறது. மழைக்காலத்தில் மண்சரிவைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பக்கத்தைச் சட்டென்று திருப்ப முடியவில்லை. அதற்கு முன்னால் பையன் எங்கேயும் நிற்கக் கூடாது. 252 ஒன்றை முதலில் கொடுக்கிறேன், பிறகு 12ஐயும் நிறுத்தாமல். 253 முதல் 258, 265, 183 எல்லாம் அதற்கு அப்புறம்.

கோத்தகிரி மூடுபனி:
265ஐயாவது முன்னால் வையுங்கள் அக்கா. திங் ஏன் அங்கேயே தங்கிவிட்டான் என்ற கேள்வி இல்லாமல் 12இன் கடைசிப் பக்கங்களைப் படித்து என்ன பயன்?

வெலிங்டன் வாசி:
அந்தக் கேள்விக்கு விதை 2ஆம் இதழிலேயே இருக்கிறது. திங் மனித உருவத்துக்கு மாறுவது அங்கேதான். 265 பின்னால் வந்தால் போதும்.